கால் உதைத்தது, மச்சினன் உதைக்கவில்லை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். இருபத்தைந்து வருடமாக வெட்டுக்கத்தி பிடித்த கை இது. பேனாவைக் கொடுத்தால் அதையும் ஓங்கத்தான் பார்க்கிறது. படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் அது இதைவிட மோசம். நாலு பேர் கூடினால் தூணோடு தூணாக நின்றுவிடுகிற ஆள் நான். இன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. எங்கள் பேட்டையில் பாதிக்கு மேல் கிறிஸ்தவக் குடும்பங்கள், கறிக்கடைப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். கட்டையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடத்துக்கு மேலாக மனதுக்குள் துள்ளிக்கொண்டிருக்கும் ஒன்றை இன்றைக்காவது இறக்கி வைக்க வேண்டும்.

திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் என் ஆட்டுக்கறிக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே மூளைக்குத்தான் சண்டை. ஒரு ஆட்டுக்கு ஒரு மூளை, கேட்கிறவர்களோ வரிசையாக நிற்பார்கள். பரீட்சை நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

“ஏப்பு, எம்மகன் பத்தாவது. மூளைய அவனுக்கு எடுத்து வையி.”

“உம்மகனுக்கு ஒண்ணு பத்தாதுக்கா. ரெண்டா வாங்கிட்டுப் போ.”

பக்கத்துத் தையல்கடைக்காரர் என்னைத்தான் வம்புக்கு இழுப்பார். “ஏலே, ஊரு மூளை அம்புட்டும் உங் கையிலதான இருக்கு. ஒண்ணத் தின்னுருந்தா ஆறாவதுக்குப் போயிருக்கலாம்ல?”

நான் சிரித்துக்கொண்டே வெட்டுவேன். மூளையைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அதை உடையாமல் எடுப்பது எப்படி என்பதுதான். கத்தியின் முதுகால் மண்டையில் சரியான இடத்தில் ஒரு தட்டு, பிறகு கட்டை விரலை உள்ளே விட்டு மெதுவாக ஏந்தி எடுக்க வேண்டும். துவைத்துப் பிழிந்து சுருட்டி வைத்த துணிபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். முதுகெலும்பை வெட்டும்போது ஒவ்வொரு துண்டின் நடு ஓட்டையிலும் வெள்ளையாக, வழவழவென்று ஒரு நரம்பு தெரியும். சிலர் “அது வேணாம், உருவிப் போட்டுரு” என்பார்கள். உருவி வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போடுவேன்.

இன்னொன்றும் தெரியும். ஆட்டை அறுத்துத் தலையைத் தனியாக எடுத்த பிறகும் கால் உதைக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் “இன்னும் உசுரு இருக்குப்பா” என்று பின்னால் நகர்வார்கள். உயிர் இல்லை என்று எனக்குத் தெரியும். உயிர் இல்லாதது ஏன் உதைக்கிறது என்று மட்டும் நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற ஆளாக இருந்தால் அல்லவா?

என் மனைவியின் தம்பி, என் மச்சினன், கொடைரோட்டுப் பக்கம் தென்னந்தோப்புகளில் மரம் ஏறுகிறவன். எனக்கு நேர் எதிர். வாயை மூடவே தெரியாது. மரத்து உச்சியிலிருந்து கீழே போகிறவர்களைக் கேலி பேசிக்கொண்டே காய் வெட்டுவான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதக் காற்றில், பாளையைப் பிடித்த கை வழுக்கி விழுந்துவிட்டான்.

தோப்பில் அப்போது கட்டில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கயிற்றுக் கட்டிலில்தான் போட்டுத் தூக்கியிருப்பார்கள். அவசரத்தில் யாரோ மோட்டார் அறைக் கதவைக் கழற்றி, அதில் அவனைப் படுக்க வைத்து, துண்டால் கட்டி, கதவோடு வேனில் ஏற்றினார்கள். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது, டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

“எதுல தூக்கிட்டு வந்தீங்க?”

“கதவுலங்க” என்றார் தோப்புக்காரர்.

“நல்ல வேளை. மடக்கித் தூக்கியிருந்தா இருக்கிற நரம்பும் போயிருக்கும்.”

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுமுதுகில் ஒரு எலும்பு நொறுங்கி உள்பக்கமாகத் தள்ளியிருந்தது. நான் அதைப் பார்த்ததும் என்னை அறியாமல் ஒரு அடி முன்னால் போனேன். இந்த எலும்பை எனக்குத் தெரியும்! தினமும் வெட்டுகிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அதே கட்டைகள், பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அதே முட்கள். ஆனால் வாய் திறக்கவில்லை.

“உள்ள ஓடுற தண்டுவடம் அறுந்துபோகல. நசுங்கியிருக்கு. எம்புட்டு திரும்பி வரும்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது” என்றார்.

மச்சினனுக்குத் தொப்புளுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கிள்ளினால் தெரியவில்லை. இரண்டு கால்களும் வாழைத்தண்டு மாதிரி கிடந்தன. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. என் மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முந்தானையை விரித்து எங்கள் பேட்டைக் கோயில் புனிதரிடம் வேண்டிக்கொண்டார்: “ஐயா, எம்மகன் காலு அசையட்டும். கெடா வெட்டி ஊருக்குச் சோறு போடுறேன்.” எங்கள் பக்கம் இப்படி நேர்ந்துகொள்வது வழக்கம். நேர்ந்த கெடாவை, வேண்டியது நடந்த பிறகுதான் வெட்ட வேண்டும். நடப்பதற்கு முன்னால் வெட்டினால் அது புனிதருக்குப் போட்டதில்லை, நாம் தின்றது.

சில வாரம் கழித்து அவனைத் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முதுகு வளையாமல் இருக்கப் பலகைக் கட்டில். புண் வராமல் இருக்க நானும் மாமியாரும் என் மனைவியுமாக மாற்றி மாற்றி அவனைத் திருப்பிப் படுக்க வைப்போம். முதுகெலும்பு கூடுகிறவரை உட்காரவோ நிற்கவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கால்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் மொபெட்டில் வருவார். வேடசந்தூர்ப் பக்கத்தவர், அப்பா நூற்பாலைத் தொழிலாளி. நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுவோம். “நா டாக்டர் இல்லங்க, பிசியோதெரபி” என்று திருத்துவார். “சரிங்க டாக்டரம்மா” என்பார் என் மாமியார்.

முதல் நாள் ஒரு குண்டூசியை எடுத்து அவன் உடம்பில் மேலிருந்து கீழாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எங்கே குத்துகிறது, எங்கே மழுங்குகிறது என்று கேட்டுக் கேட்டு, வயிற்றில் மையால் ஒரு கோடு போட்டார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு மனிதன் உடம்பில் உணர்ச்சி முடிகிற இடத்தில் கோடு போட முடியும் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. பிறகு ஒரு போர்வையை மறைவாகப் பிடிக்கச் சொல்லி, ஆசனவாய்ப் பக்கம் தொட்டார்.

“லேசா ஏதோ தெரியுதுங்க” என்றான் மச்சினன்.

அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. “அது போதும். ஆகக் கடைசியில இருந்து சேதி மேல போகுதுன்னா பாதை முழுசா அடைபடலைன்னு அர்த்தம்.”

எனக்கு அந்த ‘பாதை’ என்ற சொல் பிடித்துக்கொண்டது. கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது எப்படியோ வாய் வந்துவிட்டது. “எதுலருந்து எதுக்குப் பாதைங்க?”

“நீங்க என்ன வேலை பாக்குறீங்கண்ணே?”

“கறிக்கடைங்க.”

அவர் சிரித்துவிட்டார். “அப்ப உங்களுக்குப் படம் வரைஞ்சு காட்ட வேண்டியதில்ல. அடுத்த தடவை ஒரு மூளையும் கொஞ்ச நீளத்துக்கு முதுகெலும்பும் கொண்டாங்க. நா காலேஜ்ல மனுசரோடதுல படிச்சேன். ஆட்டோடது கொஞ்சம் மாறும். ஆனா வேலை ஒண்ணுதான்.”

அந்த ஞாயிறு நான் வாடிக்கையாளர் அத்தனை பேரிடமும் மூளை இல்லை என்று சொல்லிவிட்டேன். தையல்கடைக்காரர் “என்னலே, நீயே திங்கப் போறியா? இப்பத் தின்னு என்ன பண்ணப் போற” என்றார். எலும்பை இடுக்கியால் கிள்ளுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, உள்ளே இருக்கும் தண்டு அறுந்துவிடாமல் எடுத்தேன். வாழ்நாளில் அவ்வளவு பயந்து கத்தி பிடித்ததில்லை.

மறுநாள் பின்பக்க முற்றத்தில், துணி துவைக்கிற கல்லின்மேல் வாழை இலை விரித்து இரண்டையும் வைத்தோம். மச்சினனும் பார்க்க வேண்டும் என்று கட்டிலோடு அவனைக் கதவோரம் இழுத்துப் போட்டோம். என் மனைவி கையில் சட்டியோடு நின்றாள். “பாடம் முடிஞ்சதும் குடுங்க. சோத்துக்குத் தொட்டுக்க வேற வெஞ்சனம் ஒண்ணுமில்ல.”

பெரிய மடிப்புகளைத் தொட்டு அந்தப் பெண் சொன்னார்: இது பெருமூளை. யோசிப்பது, பேசுவது, பார்ப்பது, காலை எடுத்து வை என்று உத்தரவு போடுவது எல்லாம் இதில். மனிதனுக்கு இதைவிடப் பல மடங்கு பெரியது. மடிப்பு இருப்பதால்தான் அவ்வளவும் மண்டைக்குள் அடங்குகிறது. இரண்டு பாதி. இடது பாதி வலது பக்கத்து உடம்பைப் பார்த்துக்கொள்ளும், வலது பாதி இடது பக்கத்தை. கீழே இறங்குகிற வழியில் பாதைகள் குறுக்கே மாறிக்கொள்ளும்.

“அப்ப எடது காலு கோவிச்சுக்கிட்டா, வலப்பக்கத்துலதான் போய்ச் சமாதானம் பேசணுமா?” என்றான் மச்சினன்.

பின்னால் சின்னதாக, நெருக்கமான கோடுகளோடு இருந்தது சிறுமூளை. நடை தள்ளாடாமல், கை தவறாமல் பார்த்துக்கொள்வது அது. அதை நடுவில் வெட்டச் சொன்னார். வெட்டினேன். உள்ளே ஒரு மரம் இருந்தது! கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு, வெள்ளையாக ஒரு முழு மரம். எத்தனை ஆயிரம் தலைகளைப் பிளந்திருப்பேன், ஒரு தடவைகூட அதை நான் பார்த்ததில்லை. கட்டிலில் இருந்தவனுக்குத் தூக்கிக் காட்டினேன்.

“மச்சான், நா ஏறாத மரம் ஒண்ணு எந்தலைக்குள்ளயே இருந்திருக்கு பாருங்க” என்றான் அவன்.

அதற்குக் கீழே தண்டு போல இருந்தது முகுளம். நாம் தூங்கினாலும் மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் விடாமல் பார்த்துக்கொள்கிற இடம். அதன் தொடர்ச்சிதான் தண்டுவடம். நான் நாய்க்குப் போட்ட வெள்ளை நரம்பு. மூளைக்கும் உடம்புக்கும் நடுவே போகிற எல்லாச் சேதிக்கும் அதுதான் சாலை என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளை, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. மூளையில் அதற்கு நேர்மாறாக, வெளியே சாம்பல், உள்ளே வெள்ளை. ஒவ்வொரு எலும்பு இடுக்கிலும் இரண்டு பக்கமும் நரம்புகள் கிளம்புகின்றன. முன்வேர் வழியாக உத்தரவு வெளியே போகும், பின்வேர் வழியாகச் சேதி உள்ளே வரும். மனிதனின் தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும், இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும், அதற்கப்புறம் நரம்புகள் குதிரைவால் மாதிரி தொங்கும் என்றார்.

மூளையும் தண்டுவடமும் மூன்று உறைக்குள், தெளிந்த நீரில் மிதக்கின்றனவாம். மண்டையைத் தட்டும்போது கையில் கொஞ்சம் தண்ணீர் வழியும். தலையைக் கழுவிய தண்ணீர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! சந்தோஷத்தில் நான் உரக்கச் சிரித்துவிட்டேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகி அப்படி நான் சிரித்து அவள் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போயிருக்கும். காலையில் மாமியார் ஈரத்துணியால் அவன் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கடைக்குக் கிளம்ப வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். துணி உள்ளங்காலில் பட்டதுதான் தாமதம், அவன் வலது கால் சடக்கென்று மடங்கி, திரும்ப நீண்டு, பக்கத்தில் இருந்த சொம்பை உருட்டித் தள்ளியது.

“அசஞ்சிருச்சு! எம்மகன் காலு அசஞ்சிருச்சு!” மாமியார் போட்ட சத்தத்தில் தெருவே உள்ளே வந்துவிட்டது. அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருவர் சிலுவை போடுகிறார். கெடாவைக் கொண்டுவர அப்போதே ஊருக்கு ஆள் போய்விட்டது. மதியத்துக்குள் கறுப்புக் கெடா ஒன்று எங்கள் வாசல் முருங்கை மரத்தில் கட்டப்பட்டு, பக்கத்து வீட்டுக் கோலத்தை முகர்ந்துகொண்டிருந்தது. வருகிற ஞாயிறு வெட்டு. வெட்டுகிறவன் நான்தான், வேறு யார்?

நான் மட்டும் சந்தோஷப்பட முடியாமல் நின்றேன். சொம்பு உருண்டபோது நான் மச்சினன் முகத்தைப் பார்த்தேன். அவன் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “என்னம்மா சத்தம், எது விழுந்துச்சு?” என்றுதான் கேட்டான். தன் கால் உதைத்தது அவனுக்கே தெரியவில்லை. அந்த உதை எனக்குத் தெரிந்த உதை. தினமும் என் கட்டைக்குப் பக்கத்தில் பார்க்கிற உதை.

அதோடு விட்டிருந்தால் நான் வாய் மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், “காலு வந்திருச்சுல்ல, இனி எதுக்குப் படுக்க வச்சிருக்கீங்க? ரெண்டு பேரு பிடிச்சுக்கங்க, நிப்பாட்டிப் பாப்போம்” என்றார். மாமியாரும் “ஆமாப்பா, புனிதரு குடுத்திட்டாரு, நிக்கட்டும்” என்றார். இரண்டு பேர் அவன் தோளுக்கு அடியில் கையும் கொடுத்துவிட்டார்கள். நொறுங்கிய எலும்பு இன்னும் கூடவில்லை. மடங்கினால் மிச்சமிருக்கும் பாதையும் நசுங்கும். என் கண்ணுக்குள் அந்த வாழை இலையும் வெள்ளைத் தண்டும்தான் தெரிந்தன.

“விடுங்க!” என்றேன்.

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அத்தை, கெடாவ இப்ப வெட்ட முடியாது. அவன நிப்பாட்டவும் கூடாது. காலு ஒதைச்சுச்சு. அவன் ஒதைக்கல.”

மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன பேச்சு பேசுறீக மாப்பிள்ளை? எம்மகன் காலு. அவன் ஒதைக்காம பின்ன எவன் வந்து ஒதைச்சான்?”

என்னைக் காப்பாற்றியது மச்சினன்தான். “செத்த இரும்மா. மச்சான், நா கண்ண மூடிக்கிறேன். நீங்க தொடுங்க.”

கண்ணை மூடிக்கொண்டான். ஈரத்துணியால் உள்ளங்காலைத் தொட்டேன். கால் சடக்கென்று மடங்கியது. கூட்டம் ‘ஆ’ என்றது.

“எப்பத் தொடப் போறீங்க?” என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

“தொட்டாச்சு மாப்ள” என்றேன். “இப்ப நீயா மடக்கு.” அவன் பல்லைக் கடித்தான், கழுத்து நரம்பு புடைத்தது. கால் அப்படியே கிடந்தது.

கண்ணைத் திறந்து தன் காலைப் பார்த்து, “அப்ப எங்காலு தனிக்குடித்தனம் போயிருச்சா?” என்றான். சிரிக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. தோளுக்கு அடியில் கொடுத்த கைகளை மெதுவாக எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தார். நடந்ததை மாமியார் புகார் சொல்வது போலச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, “சுடுற சட்டியத் தொட்டா கை தானா இழுத்துக்கும்லம்மா? அதுக்கப்பறந்தான் ‘சுட்டுருச்சே’ன்னு கத்துவோம். கைய இழுத்தது தண்டுவடம். கத்துனது மூளை. அம்புட்டு அவசரத்துக்கு மூளைக்குச் சேதி சொல்லி உத்தரவு வாங்கிட்டு இருக்க முடியாதுன்னு தண்டுவடமே பாத்துக்கிரும்” என்றார். அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது, வேலையும் செய்கிறது. மேலிருந்து ‘சும்மா இரு’ என்று அடக்குகிற சேதி இறங்கி வராததால்தான் கால் இஷ்டத்துக்கு உதைக்கிறது.

எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும்போல இருந்தது. கத்தி பிடித்த நாளிலிருந்து கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு விடை! தலை போன ஆட்டின் கால் ஏன் உதைக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மச்சினன் முகத்தைப் பார்த்ததும் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

மாமியார் விடவில்லை. “அப்ப நா நேந்துக்கிட்டதே தப்பா? காலு அசையணும்னுதான கேட்டேன். அவரு அசைச்சுட்டாரு.”

“நீங்க கேட்டதுல தப்பில்லம்மா. இவரு சொல்லி அது அசையணும்” என்றார் அந்தப் பெண்.

மாமியார் எழுந்து வாசலுக்குப் போனார். கோயில் கோபுரம் தெரிகிற பக்கம் திரும்பி, கெடாவின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு, கூசாமல் சத்தமாகவே பேசினார்: “ஐயா, நா சரியாச் சொல்லாமப் போயிட்டேன். சும்மா அசஞ்சாப் பத்தாது. எம்மகன் சொன்னா அது கேக்கணும். அது வரைக்கும் கெடா இங்கனதான் நிக்கும்.”

கெடா நின்றது. எங்கள் முருங்கையின் எட்டிய கிளை எல்லாவற்றையும் தின்றது, பக்கத்து வீட்டுக் கனகாம்பரத்தைத் தின்றது, ஒரு நாள் தபால்காரர் கையிலிருந்த காகிதத்தையும் இழுத்தது. “ஏம்ப்பா, வாசல்ல சரக்க வச்சுக்கிட்டு சந்தைக்குப் போறியே” என்று தையல்கடைக்காரர் தினமும் கேட்பார். தினமும் காலையில் நான் மச்சினன் கட்டிலின் கால்மாட்டில் உட்காருவேன். அவன் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டு உத்தரவு போடுவான். முதலில் கெஞ்சுவான், பிறகு திட்டுவான், பிறகு அதட்டுவான். அப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கத்தான் வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். சேதி போகப் போகத்தான் மிச்சமுள்ள பாதை தடம் பிடிக்குமாம். சில நாள் அவன் பேசவே மாட்டான். அவன் பேசாத நாட்களில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. கெடாவை நனையாமல் உள்ளே கொண்டுவந்து கட்டியிருந்தோம். நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இடது கால் பெருவிரல் நுனி, கொசு உட்கார்ந்து எழுந்த அளவுக்குக் கீழே போய் மேலே வந்தது.

“மாப்ள…”

“நாந்தான் மச்சான்” என்றான். “நாந்தான் சொன்னேன்.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அடுப்படியிலிருந்து மாமியார் வந்தார். ஆனால் இந்தத் தடவை அவர் அழவில்லை, சிலுவை போடவில்லை. கால்மாட்டில் நின்று என்னைப் பார்த்தார். “யாரும் தொடலையே? ஈரம் பட்டுச்சா? கெடா நக்குச்சா?” போர்வையை முழுவதுமாக விலக்கினார். ஜன்னலைச் சாத்தி காற்று வராமல் பண்ணினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பரீட்சை வைக்க ஆரம்பித்தார்.

“அசை.”

பெருவிரல் அசைந்தது.

“நிறுத்து.”

நின்றது.

“நாஞ் சொல்ற வரைக்கும் அசைக்காத.” திரும்பி நின்று அடுப்படிப் பக்கம் பார்த்தார். நான் மூச்சுவிடாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. “ம், இப்ப!” என்று சட்டென்று திரும்பினார். அசைந்தது.

“நிறுத்து.”

நின்றது. அசைந்ததைவிட அது நின்றதைப் பார்த்துத்தான் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். மகன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “சொன்னாக் கேக்குது. சொன்னாக் கேக்குது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மழை விட்டிருந்தது. கோயில் பக்கத்து வெளியில் பந்தல் போட்டு, கெடாவை வெட்டினேன். முதுகுக்குப் பட்டை கட்டி மச்சினனைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்க அதற்குள் அனுமதி கிடைத்திருந்தது. தலையை எடுத்த பிறகு கெடாவின் பின்னங்கால் இரண்டு தடவை காற்றை உதைத்தது. நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். “அதுவும் தனிக்குடித்தனம் போயிருச்சு மச்சான்” என்றான். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு ஏன் என்று பந்தலில் ஒருவருக்கும் தெரியாது. விருந்துக்கு வந்திருந்த பயிற்சிப் பெண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

இன்று அவன் ஒரு கைத்தடியோடு நடக்கிறான். வலது கால் கொஞ்சம் இழுக்கும், மரம் ஏற முடியாது. ஸ்டேஷன் பக்கம் இளநீர்க் கடை போட்டிருக்கிறான், வாய் மட்டும் பழைய வாய்தான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஞாயிற்றுப் பந்திதான். மூளையை உடையாமல் எடுத்துக் கொடுத்தேன். என் மனைவி மிளகு போட்டு வதக்கினாள். வழக்கமாக அது ஊர்ப் பெரியவர் இலைக்குப் போகும். மாமியார் யாரையும் கேட்கவில்லை. சட்டியோடு நேராக மகனிடம் போய், முழுவதையும் அவன் இலையில் வைத்தார்.

“தின்னு. காலுக்குச் சொல்றது இதுதானாமே.”

அவன் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் கீழே பார்க்கச் சொன்னான். நாற்காலிக்கு அடியில், மணலில், அவன் பெருவிரல் மெதுவாகக் கீழே போய் மேலே வந்தது. “போதும், நிறுத்து” என்றேன். நிறுத்தினான்.

திண்டுக்கல், 7.3.2008, வெள்ளிக்கிழமை.